அருவிச் சத்தத்தில் சொன்னது

ஒருத்தியின் வீட்டை நான் கெடுத்தேன். கெட்ட எண்ணத்தால் அல்ல... தெரிந்துகொள்ளும் ஆசையால்!

தென்காசிப் பக்கம் குடியை விடவைக்கும் திட்டம் ஒன்று நடந்தது. அதனால் பலன் உண்டா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. "இஷ்டம் இருந்தா பதில் சொல்லுங்க. நீங்க சொல்லுதது வெளிய போகாது" என்று சொல்லித்தான் ஒவ்வொருவரிடமும் தொடங்குவேன். எத்தனை அழகாகச் சொல்வேன் தெரியுமா!

குத்துக்கல்வலசையில் ஒரு பெண். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கணவன் வேன் ஓட்டுகிறவன். ஆலோசனைக்கு இரண்டே நாள் வந்தான். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். அதன்பின் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் குடியை அடியோடு விட்டுவிட்டான்! எப்படி என்று கேட்டேன்.

"அது வேண்டாம் மேடம். அடுத்த கேள்விய கேளுங்க" என்றாள்.

அடுத்த கேள்விக்குப் போனேன். மனம் போகவில்லை! சாப்பிடும்போதும் அதே நினைப்பு, பேருந்திலும் அதே நினைப்பு. எப்படி விட்டான்... எப்படி?

சீசனில் ஒரு நாள் குற்றாலம் பேரருவியில், பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். என் தோளை இடித்துக்கொண்டு நின்றவள் செல்வி! அங்கே நான் மேடம் இல்லை. தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட, இருவரும் சின்னப் பிள்ளைகளாய்ச் சிரித்தோம். பாவி நான், அங்கேயும் கேட்டேன். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவள் என் காதருகே கத்தினாள்.

"யக்கா, ஈரல் போயிட்டு, இனி குடிச்சா பொழைக்க மாட்டாருன்னு டாக்டர் எங்கிட்ட தனியா சொன்னதா நாந்தான் அளந்து விட்டேன். டாக்டர் ஒண்ணுமே சொல்லல. மனுசன் பயந்தே போயிட்டாவ!"

எனக்கு ஒரே குதூகலம்! திட்டத்தால் அல்ல, ஒரு பொய்யால் விட்டிருக்கிறான்! அறிக்கையில் எழுதினேன். எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேனா? இல்லை. ஊரைச் சிவகிரி ஆக்கினேன். வேன் ஓட்டுநரைக் கொத்தனார் ஆக்கினேன். இனி யார் கண்டுபிடிக்க முடியும் என்று இறுமாந்திருந்தேன்.

நிறைவுக் கூட்டத்தில் அதை நானே வாசித்தேன். குடியை விட்டவர்களுக்குச் சால்வை போர்த்துவதாக அழைத்திருந்தார்கள். மனைவி பொய் சொன்ன இடம் வந்ததும் கூட்டமே சிரித்தது... முன்வரிசையில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. செல்வியின் கணவன்.

ஊரையும் தொழிலையும் மாற்றினால் ஊராருக்குத் தெரியாது. சரி. ஒரே வீட்டில் படுத்து எழுகிறவனுக்குத் தெரியாமல் போகுமா? இதுகூட உறைக்காமல் என்ன படிப்பு படித்தேன்! சால்வையை வாங்காமலே எழுந்து போனான். அன்று சாயங்காலமே மறுபடி குடித்தான்.

செய்தி காதுக்கு வந்ததும் அவள் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உதடு வீங்கியிருந்தது.

"என்ன மன்னிச்சிரு செல்வி" என்றேன்.

"நான் மன்னிச்சா அவுக குடிய விட்டுருவாவளா? இனி நெசமாவே டாக்டர் சொன்னாக்கூட நம்ப மாட்டாவ. எம்பொய்யின்னுதான் நெனைப்பாவ."

எனக்கு அழுகை வந்தது. உண்மைதான், வந்தது. ஆனால் அந்த நேரத்திலும் என் மனம் என்ன கேட்டது தெரியுமா? இப்போது எவ்வளவு குடிக்கிறான்? அன்று எடுத்த ரத்தத்தில் உண்மையில் என்ன இருந்தது? சீ... என்ன பிறவி நான்! வாய் திறந்து கேட்கவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதையும் எழுதுவீயளா மேடம்?" என்றாள்.

எழுத மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இதோ... நீங்கள் படித்துவிட்டீர்கள்.