கம்பெனி கேட்டில் ஒரு பெற்றோர் கூட்டம்

மதியச் சங்கு ஊதினால் எங்கள் பள்ளிக்கூடத்துச் சன்னல் கம்பி அதிரும். அதில் கை வைத்தால் விரலெல்லாம் கறுப்பாக இரும்புத் தூள். குடிக்கிற தண்ணீரில்கூட அந்த ருசிதான்...

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரு இரும்புக் கம்பெனியின் மதிலை ஒட்டிய தொடக்கப் பள்ளி. என்னுடைய முதல் போஸ்டிங். எச்.எம். ராஜேஸ்வரி டீச்சரும் நானும் மட்டும்தான்.

பெற்றோர் கூட்டம் வைப்போம். பெஞ்சைத் துடைத்து, டீ சொல்லி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். ஈ காக்கா வராது. எனக்குக் கோபமான கோபம்.

"பெத்துட்டா மட்டும் போதுமா டீச்சர்? இவங்களுக்கெல்லாம் அக்கறையே கிடையாது" என்று பொரிந்து தள்ளினேன்.

ராஜேஸ்வரி டீச்சர் சிரித்தார். "ஒரு ஷிப்ட் போச்சின்னா அன்னிக்கு அவங்க ஊட்ல அடுப்பு எரியாதும்மா. அவங்க வரலன்னா இன்னா, நாம போலாம் வா."

அப்படி ஆரம்பித்தது அது. மாதத்தில் ஒருநாள், பிள்ளைகளைச் சத்துணவு ஆயாவிடம் விட்டுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நிற்போம். பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டையோடு வெளியே வருவார்கள். முதலில் வெட்கப்பட்டு நழுவினார்கள். அப்புறம் அவர்களே எங்களைத் தேடி வந்தார்கள்.

அதில் ஏழுமலை முதல் ஆள். கான்ட்ராக்ட் தொழிலாளி. பழவேற்காடு பக்கத்துக் குப்பத்துக்காரர், ஏரியில் மீன் குறைந்துபோய் இரும்பு வேலைக்கு வந்தவர். மகள் சங்கீதா எங்களிடம் அஞ்சாம் வகுப்பு.

"டீச்சர், எம் பொண்ணு கணக்கு எப்டி போட்றா?"

"சூப்பரா போட்றாப்பா."

"இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க டீச்சர். இவனுங்க காதுலயும் விழட்டும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். உடனே முகம் மாறிவிடும். "எங்க ஊட்ல பொம்பளப் புள்ள யாரும் அஞ்சாவது தாண்டினதில்ல டீச்சர். இவள பெரிய ஸ்கூலுக்கு அனுப்பியே தீருவேன்."

அந்த வருஷம் பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி ஒரு பழைய துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அஞ்சாம் வகுப்புப் பெண்கள் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள். பஞ்சாயத்தில் நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனோம். அதை ஒருநாள் கம்பெனி கேட்டில் சொன்னோம்.

ஏழுமலைக்கு வந்ததே கோபம்... டீக்கடை பெஞ்சு மேல் ஏறிவிட்டார்.

"நம்ம புள்ளைங்களுக்கு நம்மதான்யா கேக்கணும்! தனித்தனியா போனா தொரத்தி வுட்ருவானுங்க. நாளிக்கு எல்லாரும் ஒண்ணா போய் நிப்போம். இன்னா சொல்றீங்க?"

"ஆமா!" என்று கூட்டம் கத்தியது.

அவர் சொன்னது பஞ்சாயத்து ஆபீசை. ஆனால் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்டரின் ஆளுக்கு அதுவா தெரியும்? ஷிப்ட் விட்டதும் வாசலில் கும்பல் நின்று, ஒருத்தன் மேலே ஏறிக் கத்தினால் அந்த ஏரியாவில் அதற்கு ஒரே பெயர்தான். கேட் மீட்டிங். யூனியன் வேலை.

மறுநாள் செக்யூரிட்டி ஏழுமலையை உள்ளே விடவில்லை.

நாங்கள் ரெண்டு பேரும் பதறியடித்து ஓடினோம். கான்ட்ராக்டர் மரியாதையாக உட்காரவைத்தார். கூல்டிரிங்க்ஸ் வரவழைத்தார்.

"கக்கூஸ் கதவுக்குத்தான் சார் பேசினோம்" என்றார் ராஜேஸ்வரி டீச்சர்.

"தெரியும் மேடம். விசாரிச்சிட்டேன்."

"தெரிஞ்சுமா சார்?"

"இன்னிக்கு கதவுக்கு ஒண்ணா நிப்பான். நாளிக்கு இன்னாத்துக்கு நிப்பான்? அத வுடுங்க மேடம். கதவுதானே? நானே போட்டுத் தர்றேன்."

சொன்னபடியே செய்தார், பாவி! பளபளவென்று தகரக் கதவு வந்தது, அவர் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதி. ஏழுமலைக்கு வேலை மட்டும் திரும்ப வரவில்லை.

அடுத்த மாதம் டீக்கடைக்குப் போனோம். எங்களைக் கண்டதும் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டின் அந்தப் பக்கமாகப் போய்விட்டார்கள். அவர்களை என்ன சொல்ல? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

ஏழுமலை காக்களூர் தொழிற்பேட்டை வரைக்கும் போய் வேலை கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. முழுப்பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் சங்கீதாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். குப்பத்துக்கே திரும்பிப் போகிறார்களாம். அம்மா ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போவாள். கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"அப்ப பெரிய ஸ்கூல்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே மீட்டிங்குக்கு வர முடியாது டீச்சர். கோச்சிக்காதீங்க."

ராஜேஸ்வரி டீச்சர் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை, அப்படி ஒரு ஆத்திரம்...

இப்போது திருநின்றவூர் பக்கம் வேலை. பெற்றோருக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. "சனிக்கிழமை மீட்டிங்" என்று போட்டால் வரிசையாகக் கட்டைவிரல் வந்து விழுகிறது. பாதிப் பேர் வருகிறார்கள், ஹோம்வொர்க் பற்றிக் கேட்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். வந்ததால் யாருக்கும் வேலை போவதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், நல்லதுதான். ஆனாலும் பெஞ்சு மேல் ஏறிக் கத்துகிற ஒருத்தரை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

போன மாதம் ஒரு ட்ரெயினிங். பெற்றோரின் ஈடுபாட்டைக் கூட்டுவது எப்படி என்று ஆளாளுக்கு அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன்... "அவங்க இருக்கிற இடத்துக்கே போய்ப் பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள்.

சங்கீதாவுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை இருக்கலாம். அந்தப் பள்ளியிலும் மீட்டிங் என்று கூப்பிடுவார்கள். ஏழுமலை அவளைப் போகச் சொல்வாரா, வேண்டாம் என்பாரா?