சிவன் போட்ட லென்ஸ்

காமன் கூத்தில் சிவனாக ஆடிய ஆண்டியப்பனின் நெற்றிக்கண் நெருப்பு, காமனை எரித்த கையோடு கீழே இறங்கி அவருடைய வலக்கண்ணையே சுட்டுவிட்டதாம். மஸ்கெலியா பஸ்ஸில் இதைச் சொன்னவர் நேரில் பார்த்தவரில்லை, பார்த்தவரின் சம்பந்தி. இவ்வளவு பலமான சாட்சி கிடைத்த பிறகு விசாரிக்காமல் விடலாமா?

ஆண்டியப்பன் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுபவர். பன்னிரண்டு வருடமாக மாசியில் சிவன். மீதி நாளெல்லாம் கணக்கப்பிள்ளைக்குப் பயந்தவர். இந்த வருடம் கூத்து மாஸ்டர் செல்லசாமிக்கு ஒரு யோசனை வந்தது. கொழும்பிலிருந்து ஒரு சோடி சிவப்பு கொன்டெக்ட் லென்ஸ் வந்து இறங்கியது. சிவன் அதோடு ஆடினார், அதோடு தூங்கினார். ஒரே ஒருதரம் கழற்றி, லயத்துப் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் அலசி, அதன் டப்பியில் ஊறவைத்து மாட்டிக்கொண்டார். மலையிலிருந்து நேரே வருகிற தண்ணீரைவிடச் சுத்தம் உண்டா என்பது அவர் கட்சி.

வேஷம் கலைந்தது, லென்ஸும் வேஷப் பெட்டிக்குப் போனது, வலக்கண்ணின் சிவப்பு மட்டும் கலையவில்லை. லயத்து வீடுகளில் கண்ணோய் என்றார்கள். மனைவி நாகலெட்சுமி நந்தியாவட்டைப் பூவை ஒற்றிப் பார்த்தார். மறுநாள் வெளிச்சத்தையே பார்க்க முடியாத வலி. கருவிழியில் கடுகளவு வெள்ளை. கண் போனால் லொறியும் போச்சு.

நுவரெலியாவில் கண் டொக்டரம்மா மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கடித்துப் பார்த்தார். புண் பச்சையாக மின்னியது. லென்ஸ் போட்டீர்களா என்று கேட்டார்.

“நான் போடலீங்க டொக்டரம்மா. சாமி போட்டது.”

“சாமிக்கு வேற கண்ணா இருந்துச்சு?” என்றார் நாகலெட்சுமி.

வழக்கு அங்கேயே முடிந்தது. டொக்டரம்மா புண்ணை மெல்லச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பினார். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாம், லென்ஸையும் டப்பியையும் உடனே கொண்டுவாருங்கள் என்றார்.

செல்லசாமி மறுத்தார். வேஷப் பெட்டி கட்டியாயிற்று, அடுத்த மாசிவரை திறக்கக்கூடாது.

“அப்ப அடுத்த மாசிக்கு ஒத்தக்கண்ணு சிவன வச்சு ஆடுங்க, மாஸ்டர்” என்றார் நாகலெட்சுமி.

பெட்டி திறந்தது. சாமி சாமான் பத்திரமாகத் திரும்பி வரும் என்று நாகலெட்சுமி கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்தார்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. கண்ணிலும் டப்பியிலும் ஒரே பக்டீரியா. அதற்கென்று பார்த்துக் கொடுத்த மருந்தை மணிக்கொரு துளியாக விட்டார்கள். வெள்ளை சுருங்கியது, ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் நின்றது. ஐந்தாம் வாரம் ஆண்டியப்பன் லொறியில் ஏறினார்.

லென்ஸ் மட்டும் வேஷப் பெட்டி ஏறவில்லை. கிருமி பிடித்ததை ஆய்வுகூடம் திருப்பித் தராதாம். இதை மாஸ்டரிடம் யார் சொல்வது? நேற்றும் அவர் கோயில் வளைவில் நின்று லென்ஸ் எங்கே என்று கேட்டார். நாகலெட்சுமி கொழுந்து பறிக்க மலைக்கு நேரமாகிவிட்டது என்று கூடையோடு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.