கடைமடைக்கு ஒரு மக்கு தண்ணீர்

நீடாமங்கலத்தில் தண்ணீர் நிற்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

இது புரியவேண்டுமென்றால் நான் எங்கே நின்றிருந்தேன் என்று சொல்லவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் இருக்கும் அறிவியல் கூடத்துக்குப் போயிருந்தேன். புதுப்பித்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். உள்ளே ஏசி குளிர், தரை துடைத்த மருந்தின் வாசனை. சுவரை அடைத்து ஒரு தொடுதிரை. அதில் டெல்டாவின் வரைபடம். கல்லணை மேல் விரல் வைத்தால் நீலக் கோடு ஒன்று கிளம்பி, பல ஆறுகளாகப் பிரிந்து, கண் மூடித் திறப்பதற்குள் கடலில் விழுந்துவிடுகிறது. மகள் விரல் வைத்தாள். நீலம் ஓடியது. நீடாமங்கலம் வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டது.

திரும்பும்போது கழிவறை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்கு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் ஈரமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாசனையோடுதான் நான் என் முதல் வேலையைப் பார்த்தேன்.

வேலையும் இதே கூடத்தில்தான். இயற்பியல் படித்து முடித்த கையோடு தற்காலிக வழிகாட்டியாகச் சேர்ந்தேன். வருகிறவர்களுக்குக் காந்தம், ஊசல், குழியாடி எல்லாம் விளக்கவேண்டும். குழியாடியில் தன் முகம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துச் சிரிக்காத மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அந்த வருடம் தண்ணீரைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். நடுக்கூடத்தில் இரண்டு கட்டில் அகலத்துக்கு டெல்டாவின் மாதிரி. ஆறுகளைப் பள்ளமாகச் செதுக்கி, மரத்தூளுக்குப் பச்சை அடித்து வயலாகத் தூவி, கல்லணைக்கு அடியில் ஒரு சின்ன மோட்டாரும் வைத்திருந்தார்கள். நிஜத் தண்ணீர் ஓடும் என்பதுதான் விசேஷம்.

ஓடியது, நீடாமங்கலம் வரைக்கும். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் அந்த இடத்துக்கு வந்ததும் தண்ணீர் சோர்ந்து நின்றுவிடும். மோட்டார்காரர் பிளாஸ்டரைக் குறை சொன்னார், பிளாஸ்டர்காரர் தச்சரைக் குறை சொன்னார். திறப்பு விழா நெருங்கிவிட்டது. கடைசியில் எங்கள் பொறுப்பாளர் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதிரியின் கடல் பக்கத்தில் ஒரு பலகை, அதற்கு ஒரு திரைச்சீலை, பலகையில் ஒரு துளை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து, சார் கனைத்துச் சாடை காட்டும் நேரத்தில் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றவேண்டும்.

“நம்மள்ல ஒல்லி யாரு?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருடம் இயற்பியல் படித்தது அப்படிப் பயன்பட்டது.

வந்த கூட்டமோ அதை மாதிரி என்றே நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் முதலில் தன் ஊரைத்தான் தேடுவார்கள். “எங்கூர்ல ஆறு வளைஞ்சுல்ல போவும், நேரா வச்சிட்டீங்களே” என்று திருவையாற்றுப் பக்கத்துக்காரர் ஒருவர் சாரிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஆறு பிரியும் இடங்களில் தகரத்தில் குட்டி ஷட்டர்கள் வைத்திருந்தோம். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், யாராவது பக்கத்து ஆற்றின் ஷட்டரை நைசாக இறக்கிவிடுவார்கள். தொடாதீர்கள் என்று எழுதி வைத்தும் பார்த்தோம். டெல்டாக்காரர் கை ஷட்டரைக் கண்டால் சும்மா இருக்குமா?

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம். நீடாமங்கலத்தில் பிரியும் அந்த மூன்றில் ஒன்றான கோரையாற்றிலிருந்து கிளம்பும் ஒரு வாய்க்காலின் கடைசி ஊர், கடைமடை. மாதிரியில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. நான் தண்ணீர் ஊற்றும் துளைக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது.

கவலைப்படுவது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. காஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான். அப்பாவிடமிருந்து வந்தது அது. அவருக்கு அடுப்பைப் பற்றியெல்லாம் கவலை இல்லை, தண்ணீர் ஒன்றுதான். அந்த வருடம் ஒரு மழையை நம்பி நேரடி விதைப்பு விதைத்திருந்தார். பயிர் முளைத்து விரல் உயரம் வந்தது. அதற்குப் பிறகு மழை எட்டிப்பார்க்கவில்லை. ஆற்றிலோ முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. வெண்ணாற்று முறை முடிவதற்குள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தாகவேண்டும். வழியிலேயே முறை முடிந்துவிட்டால் பயிர் போச்சு. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மெழுகுவர்த்திகூட வாங்கி வைத்துவிட்டாள். நான் திரைக்குப் பின்னால் மக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் கடைமடை விவசாயிகள் பொதுப்பணித் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்கத் தஞ்சாவூர் வந்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கண்காட்சியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தார்கள். திரைக்கு அடியில் எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும். வெடித்த குதிகால்கள், சேறு உலர்ந்த செருப்புகள். அதில் ஒரு இடது செருப்பின் வார் கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கம்பியைக் கட்டியவளே நான்தான்.

சார் விளக்க ஆரம்பித்தார். யாரோ, “கடைசி வரைக்கும் வருதாங்க?” என்று கேட்டார்.

“பொறுங்க. பாப்பம்.” அது அப்பாவின் குரல். வாய்க்கால் கரையில் நின்று பேசும் அதே குரல்.

 சார் கனைத்தார். ஊற்றினேன். கம்பி கட்டிய செருப்பு ஓரடி முன்னால் வந்தது. யாரோ கைதட்டினார்கள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சீலையை விலக்கிக்கொண்டு, மக்கும் கையுமாக வெளியே வந்து நின்றேன். சார் முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், மக்கைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நம்மூருக்கு ஊத்துறது நீதானா! அப்படியே பஸ் ஏறி வந்து நம்ம வயல்லயும் ரெண்டு மக்கு ஊத்திட்டுப் போம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள், சார் உட்பட. ஆனால் வாசல் வரைக்கும் வழியனுப்பப் போனபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பயிரு சுருளுதும்மா. இந்த முறையில வரலன்னா அவ்வளவுதான்.” அவர் அதுவரைக்கும் என்னிடம் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. 

அந்த வாரமே வெண்ணாற்று முறை வந்தது. அப்பா மாலையானால் போன் பண்ணுவார். “கல்லணை தாண்டிட்டாம்.” அவ்வளவுதான், வைத்துவிடுவார். கூட்டம் போன பிறகு நான் மாதிரியில் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைப்பேன். மறுநாள் அதை நகர்த்துவேன். சார் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது?”

“தண்ணி சார். எங்கூருக்கு வருது.”

 ஒரு குழி நிலம்கூட இல்லாத, குழாய்த் தண்ணீரில் வளர்ந்த டவுன்காரர் அவர். அடுத்த நாள் வந்ததும் வராததுமாக, “இன்னிக்கு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

நீடாமங்கலத்தில் இருந்தது. அதற்கடுத்த நாளும் நீடாமங்கலத்திலேயே இருந்தது. எங்கோ ஷட்டர் ரிப்பேர் என்றார்கள், மேலே யாரோ மறித்துவிட்டார்கள் என்றார்கள். நான் புளியங்கொட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதிரியில் பழுதென்று நாங்கள் நினைத்ததுதான் உண்மையைச் சொல்கிறதோ என்று ஒரு பயம். சாப்பாடு இறங்கவில்லை. சாரே தன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்து என் மூடியில் வைத்தார்.

முறை முடிகிற நாள் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடம் நிறைய நின்றிருந்தார்கள். சார் கல்லணையிலிருந்து தொடங்கிவிட்டார். நான் மக்கில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்த பட்டன் போன் அதிர்ந்தது.

“அப்பா?”

“பேசாத. கேளு.”

முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் காய்ந்த வாய்க்கால் தண்ணீர் குடிக்கும் சத்தம். மடக் மடக்கென்று, பிறகு சலசலவென்று. தூரத்தில் யாரோ, “மடையத் தொறங்கடா” என்று கத்தினார்கள். அப்பா போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார் போல. அவர் குரல் எங்கிருந்தோ கேட்டது.

“கேக்குதா?”

“கேக்குதுப்பா.”

வெளியே சார் சொன்னார்: “இதோ, இப்போது தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிறது.” வரவில்லை. கனைத்துவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். “எங்க சார்? காணோமே சார்” என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சீலை விலகியது.

“தண்ணி எங்கம்மா?”

“வந்துருச்சு சார்” என்றேன். மக்கு கையில் நிறைந்தபடியே இருந்தது. அழுதுகொண்டிருந்தேன்.

சார் போனைப் பார்த்தார். பிறகு, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், நீடாமங்கலத்திலிருந்து புளியங்கொட்டையை எடுத்து எங்கள் ஊரில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த டெல்டா மாதிரி, கூடத்தைப் புதுப்பிக்கும்போது உடைந்துவிட்டது என்கிறார்கள். சார் ஓய்வு பெற்று மகனோடு எங்கோ போய்விட்டார். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இறால் குட்டை வெட்டியிருக்கிறார்கள். அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும், மோட்டார் வைத்துக் கடல் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்கிறார்கள். வெண்ணாற்று முறை எப்போது வருகிறது, எப்போது முடிகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எனக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லை என்பது அந்த ஏசியில் நின்றபோது சட்டென்று உறைத்தது.

மகள் மறுபடியும் கல்லணையில் விரல் வைத்தாள். நீலக் கோடு கிளம்பியது. நான் குனிந்து முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் திரையில் காதை வைத்தேன்.

“என்னம்மா பண்றே?”

“ஒண்ணுமில்லடி.”

தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. வந்து, கரையில் யாரும் நிற்காத அந்த இடத்தைத் தாண்டி, கடலுக்குப் போய்விட்டது.