பக்கெட்டில் ஒரு கடல்

கல்லுப்பை அள்ளிப் போட்டு, குச்சியால் கலக்கி, விரலை விட்டு ருசி பார்த்துத் துப்புகிறார் கண்ணாயிரம். "பத்தல." இன்னொரு கை உப்பு விழுகிறது. மறுபடி ருசி, மறுபடி துப்பல். "ம், இப்ப வந்துருச்சி. கடலூர்ல ஒரு வாட்டி அலை அடிச்சி ஒரு வாய் உள்ள பூட்ச்சி. அந்த ருசி எனக்கு மறக்காது." கச்சிராயபாளையத்தில், கரும்புத் தோட்டத்துக்கு நடுவே, பெயின்ட் பக்கெட்டில் கடல் தயார். புதிதாக வாங்கிய தூண்டில் கோலின் நைலான் நரம்பு சுற்றும் சக்கரத்தைக் கழற்றி அதற்குள் இறக்கி மூடி போடுகிறார்.

அந்தமானுக்குப் போகிறார். மகள் எழில்மதியும், பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் சிவசங்கரும் கூட்டிப்போகிறார்கள். மணல் ஓரத்தில் அறை, காலையில் படகு, நடுக்கடலில் மீன்பிடிப்பு. கல்வராயன் மலை அருவியைப் பார்க்க பெங்களூர்க்காரர்கள் இங்கே வந்து சிப்ஸ் கவரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் கடலைப் பார்க்கக் கிளம்புகிறோம். கோமுகி வாய்க்காலில் கெண்டை பிடித்தே தலை நரைத்தவரிடம், "தூண்டிலெல்லாம் அங்கயே குடுப்பாங்க மாமா" என்று மருமகன் சொல்லியிருக்கக் கூடாது. "அடுத்தவன் பிரஷ்ஷுல பல்லு தேய்ப்பீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

சோதிக்காமல் எதையும் நம்புகிற மனிதர் இல்லை அவர். ஹெல்மெட் வாங்கியபோது கடைப் படியிலேயே ஓங்கி அடித்தார். அது விரிசல் விட்டதும், தன் மண்டையையே உடைத்துவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டை பிடித்தார். புது மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் தண்ணீர் கொட்டும் குழாய்க்கு அடியில் நின்றார். பைத்தியக்காரத்தனம் என்று தெருவில் சிரித்தார்கள். கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பி வாங்கிவந்து, முதல் மழையில் நனைந்தவர்களும் அந்தச் சிரிப்பில் இருந்தார்கள்.

சில நாள் கழித்து மூடியைத் திறந்தால் சக்கரம் பழுப்பேறிக் கிடந்தது. கைப்பிடி அசையவில்லை. நியாயம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வலை, கயிறு, தார்ப்பாய் விற்கும் கலையரசன் கடை.

"கடலுக்குன்னு கேட்டுத்தானே வாங்கனேன்? இன்னா இது?"

கலையரசன் முகர்ந்து பார்த்தார். "அண்ணே, கடல்ல போட்டு எடுத்தா உடனே நல்ல தண்ணில கழுவி வெக்கணும். நீங்க இன்னாடான்னா ஊறுகா போட்டுக் கொணாந்துக்கிறீங்க."

"கடல்ல கிற மீனு டெய்லி நல்ல தண்ணில குளிச்சிக்கினா கீது? அது தாங்குது, உன் சக்கரம் தாங்காதா?"

கலையரசன் என்னைப் பார்த்தார். கண்ணாயிரமும் என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய தார்ப்பாயைப் பார்த்தேன். எனக்கும் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

சமாதானத்துக்காகக் கலையரசன் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். பச்சையும் சிவப்புமாக ரப்பர் புழுக்கள். "கடலுக்கு இதாண்ணே இப்ப ஜாஸ்தி ஓடுது. மண்புழு, பிண்ணாக்கு உருண்டைலாம் அங்க எதுக்கு?"

கண்ணாயிரத்துக்குக் குரல் ஏறிவிட்டது. "ஒரு உசுரு சாவப்போவுது. கடைசியா வாய்க்கு ருசியா ஒரு புழு கூடவா குடுக்கக் கூடாது? ரப்பரக் காட்டியா ஏமாத்தறது? புடிக்கிறதுலயும் ஒரு மரியாத வோணாம்?"

அந்த நேரத்தில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கண்ணாயிரம் கடையையும் ரப்பர் புழுவையும் திருப்பித் திருப்பிக் காட்டி நியாயம் கேட்டார். மருமகன் எட்டிப் பார்த்தார்.

"மாமா, சொல்ல மறந்துட்டேன். அங்க புடிச்ச மீன வெச்சிக்கக் கூடாது. போட்டோ எடுத்துக்கினு தண்ணிலயே வுட்டுடணும். அதான் ரூலு."

"வுட்டுடணுமா?"

"ஆமா மாமா. ஃபாரின்லலாம் அப்படித்தான்."

கண்ணாயிரம் போனைத் தள்ளிப் பிடித்தார். "பொண்ணு பாக்கப் போயி, பஜ்ஜி சொஜ்ஜி துன்னுட்டு, போட்டோவும் புடிச்சிக்கினு, ஊருக்குப் போயி பதில் சொல்றோம்னு ஓடியாறான் பாருங்க, அவன் பண்ற வேல மாப்ள இது. துன்றதுக்குப் புடிச்சா புடி. இல்லியா, அது வாயக் கிழிக்காத. நான் வர்ல. நீங்க போய்ட்டு வாங்க." எழில்மதி "அப்பா" என்று ஆரம்பிப்பதற்குள் போனை அணைத்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும் முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. அவர் மனைவி பச்சையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏங்க, உங்க பொண்ணு கேரளாவுக்குப் போவணும்னு ஆசப்பட்டா. அப்பாவுக்கு மீன் புடிக்கிற எடமா இருக்கட்டும்னு தேடித் தேடி இதப் புடிச்சி வெச்சா. நீங்க இல்லாம நானும் போவலன்னு அழுதுகினு கீறா."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? மீனப் போயி—"

"ரப்பர் புழுவக் காட்டி மீன ஏமாத்தறாங்கன்னு அங்க கடைல நின்னு கத்தனீங்களாமே. வரேன் வரேன்னு ஆசகாட்டிட்டு பெத்த பொண்ண ஏமாத்தறது மட்டும் நாயமா?"

கண்ணாயிரம் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை மோட்டார் கொட்டகையில் பார்த்தேன். சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார், கையில் குறடு, மடியில் தூண்டில் முள் டப்பா. ஒவ்வொரு முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாகச் சாய்ந்து ஒரு குட்டிக் கூர் இருக்கும். கடித்த மீனை நழுவவிடாமல் பிடித்துவைப்பதும், கழற்றும்போது வாயைக் கிழிப்பதும் அதுதான். அந்தக் கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

"புடிச்சி வுடணுமாம். ரூலாம். புத்தி கெட்டவனுங்க" என்று முள்ளைத் திட்டினார்.

நசுக்கிய முள்ளைத் தோளில் கிடந்த துண்டில் குத்தினார். மெல்ல இழுத்தார். ஒரு நூலும் பிரியாமல் கழன்று வந்தது. குத்திய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த முள்ளை எடுத்தார்.