ஒய்பியோடு போன பிறப்புப் பத்திரம்

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருளாயிக்கு வாய் நீளம் என்று பெயர். அந்த வாயும் எல்லாரும் மரியாதையாய் 'ஒய்பி' என்று கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினர் பத்துமலை முன்னால் மட்டும் அடங்கிப்போகும். 1977-ல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. இருளாயி குடியுரிமை இல்லாதவள், அவளுடைய அடையாள அட்டை சிவப்பு ஐசி. குடிமக்களுக்கான நீல ஐசி இல்லாதவளுக்கு ஈப்போவில் மலிவு வீடு கிடையாது.

"பிறப்புப் பத்திரத்தக் கொடும்மா. கோலாலம்பூர்ல நீல ஐசிக்கு நானே முடிச்சுத் தாரேன்," என்றார் ஒய்பி.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், விவரமானவர். "அசலை வச்சுக்கொண்டு கொப்பியைக் குடு பிள்ளை," என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். இவள் கேட்டால்தானே! "பெரிய மனுசன் கையில நகலக் கொடுத்தா, உன்ன நம்பலன்னு சொல்ற மாதிரிலா!" என்று, அசலின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலைமேல் வைத்து நீட்டினாள். அவரும் கும்பிட்டு வாங்கித் தோல்பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஈப்போவில் சின்ன விமானம் ஏறினார். அது மழைமேகத்துக்குள் போனதைப் பார்த்தவர்கள் உண்டு, வெளியே வந்ததைப் பார்த்தவர் இல்லை. காடெல்லாம் தேடியும் ஓர் ஆணிகூட அகப்படவில்லை. தோட்டமே மாரியம்மனிடம் அழுதது. இருளாயியும் அழுதாள். ஆனால் "தாயே, அந்தப் பையையாவது காட்டு" என்றுதான் அவள் வேண்டினாள். அப்படி வேண்டியதற்கு வெட்கப்பட்டு இன்னொரு தடவையும் அழுதாள்.

அவள் பிறந்த வருடத்துப் பதிவேடு ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டதாம். "பத்திரத்த வாங்கினவர்கிட்ட ஒரு கடிதம் கொண்டாங்க," என்றார்கள் பதிவு அலுவலகத்தில். எட்டு வருடம் இதே பதில். அதற்குள் தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் ஈப்போவுக்கு வீடு மாறிப்போனார்கள். இருளாயி, பக்கத்து லயத்தில் இருந்து அங்கே போன செல்லாயி வீட்டுச் சமையற்கட்டில் ஒண்டிக்கொண்டாள்.

1985-ல் கோர்ட்டு ஒய்பி இறந்துவிட்டதாகச் சொன்னது. அவருடைய இறப்புப் பத்திரத்தைக் கிராணிதான் எப்படியோ பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இருளாயி அதைக் பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்த நவமணியிடம் நீட்டினாள்.

"அவரு கடிதம் தர முடியாதுன்னு இதுலயே இருக்கு தங்கச்சி. பொணமே இல்லாம அவருக்குப் பத்திரம் கொடுத்துட்டீங்க. நான் முழுசா நிக்கிறேன்லா. எனக்குக் கொடுக்கக் கூடாதா?"

நவமணிக்கும் மனசு கேட்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நகல்லா அக்கா. அசல் இருந்தாத்தான் எடுப்பாங்க."