லேபிளும் உள்ளே இருப்பதும்

பெங்களூரில் எனக்கு வாய்த்த வேலையை அக்காவுக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கம்பெனி விதைக்குள் புது ஜீனைப் புகுத்திக் காப்புரிமை வாங்கும். அந்த உரிமை இருபது வருஷத்தில் எவ்வளவு பெறும், விதை வாங்கியவர்களை எப்படித் தன் பின்னாலேயே வரவைக்கும் என்று நாங்கள் இப்போதே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

"ஜோசியம்னு சொல்லு," என்றாள் அக்கா.

"லேபிள் விவகாரம்," என்றார் மச்சான்.

மச்சான் சிவகாசியை ஒட்டிய தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கியவர். பக்கத்து அறை வெடித்துக் கூட்டாளி போன பிறகு, அக்கா அழுது அடம்பிடித்து அவரை நிறுத்தினாள். கரிசலில் பருத்தி போட்டார்கள். முதல் வருஷம் அந்தக் கம்பெனியின் புதுப் பாக்கெட் விதை. காய் கொத்துக் கொத்தாகப் பிடித்தது. அக்கா முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மாசியில் ஊருக்குப் போனேன். அந்தப் பருத்தியிலிருந்தே கொட்டையைப் பிரித்து, அடுத்த விதைப்புக்காகச் சாணிப்பாலில் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார் மச்சான். எனக்குப் பகீர் என்றது.

"இதைப் போடாதீங்க மச்சான். மறுவிதைப்புக்கு ஒழுங்கா வராது. உள்ள இருக்கிற ஜீனும் கம்பெனிக்குச் சொந்தம்."

"லேபிளு அவுகளுது மாப்ளே. உள்ள இருக்கது வாங்குனவனுது."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிவகாசிப் பக்கம் பெட்டிமேல் ஒட்டும் லேபிள் படம்தான் சொத்து. ஒரே தீக்குச்சி பத்துப் படத்தில் சந்தைக்குப் போகும். படத்தைத் திருடினால்தான் அடிதடி, குச்சிக்கு யாரும் சண்டை போட்டதில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்திப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த கைப்பிடியைப் புரட்டினார்.

"பழைய நாட்டு விதை இருக்குல்ல?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அத எப்பவோ மாட்டுக்கு ஆட்டி வச்சாச்சு. இனி அது எதுக்குலே?"

வாங்கியவனால் பழைய விதைக்குத் திரும்ப முடியுமா என்பதுதான் எங்கள் மதிப்பீட்டில் முக்கியமான கேள்வி. முடியாது என்றால் உரிமையின் விலை ஏறும்.

புரட்டாசியில் விதைத்தார்கள். தையில் பார்த்தபோது ஒரு செடி இடுப்பளவு, ஒரு செடி முழங்காலளவு. காய்க்குள் புழு. மறுபடி பாக்கெட் வாங்கக் கையில் ஒன்றுமில்லை. அதைச் சம்பாதிக்க மச்சான் பழைய ஆலைக்கே போனார், அதே மருந்து கலக்கும் அறைக்கு.

ஆபீஸில், வாங்கியவன் மறுபடி பாக்கெட்டுக்கே வருவான் என்ற என் கணிப்பு அப்படியே பலித்ததென்று கைகுலுக்கினார்கள். அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

சித்திரை வெயிலில், தீபாவளி ஆர்டருக்காக ஆலைகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா ஃபோன் செய்தாள். எங்கோ வேட்டுச் சத்தம் கேட்டு அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"கோயில் வேட்டுதான்," என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு, "ஏலே, இன்னும் இருவது வருசத்துல என்ன ஆகும்னு சொல்றதுதான ஒன் வேலை? தீவாளி வரைக்கும் இவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. அது போதும்."