ஒரு நிமிடத்துக்குள் உள்ளே வந்த கால்சியம்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். ஆட்டு விரையின் செல்களில் டெஸ்டோஸ்டிரோன் எப்படி வேலை செய்கிறது என்பது தலைப்பு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, ஏதோ ஹார்மோன் பற்றி என்று நிறுத்திக்கொள்வார். என்ன ஹார்மோன் என்று அவர்கள் கேட்டுவிட்டால், காபி கொண்டுவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிடுவார்.

காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்ததை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவேன். தாகமாக இருக்கிறது, கொஞ்சம் ஐஸ் தண்ணீர் கொடு என்று பக்கத்து சீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டார். குடிக்கிற தண்ணீர் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. இறங்கும்வரை முறைத்துக்கொண்டே வந்தார்.

விந்தணுக்களுக்கு ஊட்டம் கொடுத்து வளர்க்கிற தாங்கு செல்களைப் பிரித்து, அவற்றின்மேல் ஹார்மோனை விட்டு, எவ்வளவு கால்சியம் உள்ளே போகிறது என்று பார்ப்பது என் வேலை. மணிக்கணக்கில் காத்திருந்தால்தான் மாற்றம் தெரியும் என்றது பாடப்புத்தகம். எனக்கோ ஒரு நிமிடத்துக்குள்ளேயே கால்சியம் ஏறிவிட்டது.

என் வழிகாட்டி நல்ல மனிதர். ஆனால் புத்தகத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பவர்.

"ஹார்மோன் செல்லுக்குள்ள போகணும், அங்க அதைப் பிடிச்சுக்கிற ஏற்பியோட சேரணும், நியூக்ளியஸுக்குப் போய் ஜீனைத் தூண்டணும். அதெல்லாம் ஒரு நிமிஷத்துல நடக்குமாம்மா? எங்கயோ தப்பு பண்ணியிருக்கே, திரும்பப் போடு" என்றார்.

திரும்பப் போட்டேன். ஹார்மோனைக் கரைத்த ஆல்கஹால்தான் காரணம் என்றார். ஆல்கஹாலை மட்டும் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை. குழாயை வேகமாகக் குலுக்கியிருப்பாய் என்றார். குலுக்காமல் செய்தேன். நடுநடுவே கரண்ட் போய் அளக்கிற கருவி நின்றுவிடும். மறுநாள் காலை மறுபடியும் கறிக்கடை. கடைசியில் ஹார்மோனை ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்து விட்டேன். அந்தச் சுமையோடு அதனால் செல்லுக்குள் நுழைய முடியாது. அப்போதும் கால்சியம் ஏறியது. பிணைப்பு கொஞ்சம் அவிழ்ந்திருக்கும் என்றார். செல்லுக்குள் இருக்கும் வழக்கமான ஏற்பியை அடைக்கிற மருந்தைச் சேர்த்தேன். அதற்கும் மசியவில்லை, ஏறியது. மருந்து பழசு என்றார்.

செல்லின் வெளிச்சவ்விலேயே வேறொரு ஏற்பி இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உனக்கு டிகிரி வேணுமா, சண்டை வேணுமா?" என்று கேட்டார்.

கால்சியம் பற்றிய அத்தியாயம் ஆய்வேட்டில் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுட்டிக்காட்டிவிட்டு, மத்தியான ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். பட்டம் கிடைத்தது.

முசிறிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடங்கள் கழித்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. டெஸ்டோஸ்டிரோனைப் போன்ற வேறொரு ஸ்டீராய்டு ஹார்மோன், விந்தணுவின் வெளிச்சவ்விலேயே வேலை செய்து நொடிகளில் கால்சியத்தை ஏற்றுகிறது என்று எழுதியிருந்தார்கள். நகலெடுத்துக்கொண்டு நேராக வழிகாட்டியின் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றிருந்தார். பொறுமையாகப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைத்தானேம்மா நாம அப்பவே பாத்தோம்" என்றார்.

நாம் என்றேதான் சொன்னார். பிறகு, "அப்பவே நீ இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கணும்மா" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அவர் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் சார் என்று எழுந்தேன்.

மறுநாள் வகுப்பில் ஸ்டீராய்டு பாடம். புத்தகத்தில் உள்ளதை நடத்திவிட்டு, வெளிச்சவ்விலும் ஒரு ஏற்பி இருக்கக்கூடும் என்று கரும்பலகையில் படம் வரைந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், இது பரீட்சைக்கு வருங்களா?" என்றாள்.

வராது என்றேன். எல்லோரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.